சிறைக்குள்ளிருந்து வரும் படம்: மனுவா, சாட்சியா?

கருப்புவெள்ளை (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் திரைப்பட வட்டத்தில் அடுத்த சில மாதங்களுக்குச் சிறைவாசிகள் எடுத்த படங்களையும், அவர்கள் பங்கெடுத்து உருவாக்கிய படங்களையும் திரையிட்டு, அதையொட்டிச் சிறைச் சீர்திருத்தம் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். முடிவு செய்த அன்றே எனக்குள் ஒரு தயக்கம் எழுந்தது. அதை இங்கே வைக்கிறேன்.

1961 பிப்ரவரியில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் லேக் சார்லஸ் நகரச் சிறையில், வங்கிக் கொள்ளைக்கும் ஆள்கடத்தலுக்கும் ஒரு வங்கி ஊழியரின் கொலைக்கும் கைது செய்யப்பட்ட வில்பர்ட் ரிடோ என்ற 19 வயதுக் கறுப்பின இளைஞரை ஷெரீப் (வட்டாரக் காவல் தலைவர்) கேள்வி கேட்க, அவர் குற்றத்தை ஒப்புக்கொள்வது ஏறக்குறைய இருபது நிமிடப் படமாக எடுக்கப்பட்டது. பக்கத்தில் வழக்கறிஞர் இல்லை. ஒன்றரை லட்சம் பேர் வசித்த அந்த வட்டாரத்தில் உள்ளூர்த் தொலைக்காட்சி அதை மூன்று முறை ஒளிபரப்பியது. ஒரு முறை மட்டும் ஏறத்தாழ 53,000 பேர் பார்த்தார்கள். பிறகு வழக்கு நடந்தபோது ஜூரிகளில் மூன்று பேர் அந்தப் படத்தைப் பார்த்தவர்களாகவே இருந்தார்கள், மரண தண்டனையும் விதிக்கப்பட்டது. 1963இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. மக்கள் தொலைக்காட்சியில் பார்த்ததே உண்மையான விசாரணையாகிவிட்டது, அதன்பின் நீதிமன்றத்தில் நடந்தது வெறும் சடங்கு என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

மறுவிசாரணையிலும் தண்டிக்கப்பட்ட அதே ரிடோ, அங்கோலா என்று அழைக்கப்படும் லூசியானா மாநிலச் சிறையில் இருந்துகொண்டே சிறைப் பத்திரிகையின் ஆசிரியரானார். 1998இல் அந்தச் சிறையைப் பற்றி வெளிவந்த 'தி ஃபார்ம்: அங்கோலா, யுஎஸ்ஏ' ஆவணப்படத்தின் மூன்று இயக்குநர்களில் அவரும் ஒருவர். அந்தப் படம் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் உயரிய பரிசு பெற்றது, ஆஸ்கர் பரிந்துரைக்கும் போனது. இயக்குநர் சிறையில்தான் இருந்தார்.

ஒருவரைச் சாகடிக்கப் பார்த்ததும் படம்தான், அவர் பேச வாய்ப்புக் கொடுத்ததும் படம்தான். ஆகவே, கேமரா உள்ளே போனாலே சீர்திருத்தம் வந்துவிடும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. இத்தகைய படங்களைப் பார்வையாளரின் மனத்தை உருக்கும் மனுவாகப் பயன்படுத்துகிறோமா, அரசு சொல்லும் கதைக்கு எதிரான சாட்சியாகப் பயன்படுத்துகிறோமா என்று முதலில் தெளிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். மனு என்றால், இரக்கம் வற்றிய மறுநாளே அது குப்பைக்குப் போய்விடும். உங்கள் கருத்து என்ன?

ஓக்லண்ட் பொன்னி

நல்ல கேள்வி, கருப்புவெள்ளை. ஆனால் நீங்கள் மனுவைக் கொஞ்சம் தாழ்த்திவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. நான் இருக்கும் இடத்திலிருந்து சான் க்வென்டின் சிறை அதிகத் தொலைவில் இல்லை. 1852இல் திறக்கப்பட்ட, கலிஃபோர்னியாவின் மிகப் பழைய சிறை அது. அங்கே ஊடக மையம் ஒன்று பல ஆண்டுகளாக இயங்குகிறது. சிறைவாசிகளே பத்திரிகை நடத்துகிறார்கள், வானொலி நிகழ்ச்சி தயாரிக்கிறார்கள், படம் எடுத்துத் தொகுக்கிறார்கள். 2024 அக்டோபரில் அந்தச் சிறைக்குள்ளேயே திரைப்பட விழா நடந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரஹ்சான் தாமஸ் 2023 தொடக்கத்தில் அங்கிருந்து விடுதலையானவர். நடுவர்களாகச் சிறைவாசிகளும் அமர்ந்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. வாழ்நாள் முழுவதும் பிறருடைய தீர்ப்புக்குக் காத்திருந்தவர்கள், அன்று வெளியிலிருந்து வந்த கலைஞர்களுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள்.

நீங்கள் கேட்கும் சாட்சியம் என்ற கோணத்துக்கும் அங்கேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2020 மே மாத இறுதியில், கொரோனா பரவியிருந்த சீனோ சிறையிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைச் சரியாகப் பரிசோதிக்காமல் பேருந்தில் ஏற்றிச் சான் க்வென்டினுக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். அடுத்த சில வாரங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று. 28 சிறைவாசிகளும் ஒரு காவலரும் இறந்தார்கள். அப்போது உள்ளே இருந்த ஆதமு சான் அந்த ஆண்டு அக்டோபரில் வெளியே வந்து, சுவருக்கு இருபுறமும் இருந்தவர்கள் சேர்ந்து நடத்திய போராட்டத்தை 2022இல் படமாக்கினார். அந்தப் படத்தில் கதறல் குறைவு, உறவுகள் அதிகம். ஒருவரையொருவர் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதே அதன் பெரும்பகுதி. அதை மனு என்பீர்களா, சாட்சி என்பீர்களா? எனக்கு அந்தக் கோட்டைப் போடத் தெரியவில்லை.

மறுபக்கம்

இருவரும் மன்னிக்க வேண்டும், கொஞ்சம் கசப்பாகவே கேட்கிறேன். ரிடோவைப் பற்றி இவ்வளவு எழுதிய கருப்புவெள்ளை, கொல்லப்பட்ட பெண்ணை 'ஒரு வங்கி ஊழியர்' என்று மூன்றே சொற்களில் கடந்துவிட்டார். இத்தகைய படங்களின் இயல்பே அதுதான். கேமரா யார் கையில் இருக்கிறதோ அவருடைய துயரம்தான் திரையை நிறைக்கும். இறந்தவர் படம் எடுக்க முடியாது. குற்றத்துக்கு உள்ளான குடும்பங்கள் இதைப் பார்க்கும்போது என்ன நினைப்பார்கள் என்று உங்கள் திரைப்பட வட்டம் யோசித்திருக்கிறதா? தண்டனைக் குறைப்புக்கு ஆதரவு திரட்டப் படம் காட்டுவது உங்கள் உரிமை. ஆனால், அதற்கு ஆவணம் என்று பெயர் சூட்டாதீர்கள். ஒரு கட்சிக்காரர் தன் வழக்கைத் தானே எடுத்துரைப்பது அது.

கருப்புவெள்ளை

மறுபக்கம் அவர்களே, மூன்று சொற்களில் கடந்தது என் பிழைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால், கட்சிக்காரரின் வாதம் என்று நீங்கள் சொல்வது எல்லாப் படத்துக்கும் பொருந்துமா? ஷெரீப் எடுத்த இருபது நிமிடமும் ஒரு கட்சிக்காரரின் வாதம்தானே? அதை அன்று யாரும் அப்படிச் சொல்லவில்லை, செய்தி என்றுதான் ஒளிபரப்பினார்கள்.

வழக்கறிஞர்_நெல்லை

சட்டத்தின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் பத்திரிகைச் சுதந்திரம் பெரிதாகப் பேசப்பட்டாலும், சிறை வாசலில் அது நின்றுவிடுகிறது. தான் விரும்பும் சிறைவாசியை நேரில் பேட்டி காணும் உரிமை செய்தியாளருக்கு இல்லை என்று 1974இல் உச்ச நீதிமன்றம் கூறியது, அந்த வழக்கும் கலிஃபோர்னியாவிலிருந்து வந்ததுதான். பொதுமக்களுக்கு இல்லாத நுழைவுரிமை செய்தியாளருக்கும் இல்லை என்று 1978இல் மீண்டும் சொன்னது. இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். உள்ளே எவரைக் கேமரா சந்திக்கலாம் என்பதைச் சிறை நிர்வாகமே முடிவு செய்கிறது. பொன்னி அம்மா சொன்ன சான் க்வென்டின் விழா பாராட்டுக்குரியது, மறுக்கவில்லை. ஆனால், அது கதவைத் திறந்துவிட்டவரின் விருப்பத்தில் நிற்கிறது. அந்த விருப்பம் மாறினால் படமும் நின்றுவிடும்.

நம் நாட்டு நிலை இதைவிட இறுக்கம். டெல்லிப் பாலியல் வன்கொலை வழக்கின் குற்றவாளி ஒருவரைத் திகார் சிறையில் பேட்டி கண்ட ஆவணப்படம் 2015இல் பெரும் சர்ச்சையானதை நினைவு வைத்திருப்பீர்கள். அதே ஆண்டு ஜூலையில் உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டுதலின்படி, தனியாரோ ஊடகத்தினரோ தொண்டு நிறுவனத்தினரோ படம் எடுக்கவோ ஆய்வு செய்யவோ சிறைக்குள் வருவதைச் சாதாரணமாக அனுமதிக்கக் கூடாது. அனுமதித்தால் ஒரு லட்சம் ரூபாய் வைப்புத்தொகை கட்ட வேண்டும், எடுத்ததை வெளியிடும் முன் சிறைத்துறையிடம் காட்டி ஆட்சேபமின்மைச் சான்று பெற வேண்டும். சாட்சி சொல்வதற்கு முன் எதிர்த்தரப்பிடம் காட்டித் திருத்தம் வாங்கிக்கொண்டு வா என்பதைப் போன்றது இது.

ஆனால் நம் சட்ட வரலாற்றில் வேறொரு இழையும் உண்டு. திகாரில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, சக கைதி ஒருவரைத் தலைமை வார்டர் சித்திரவதை செய்ததை உச்ச நீதிமன்ற நீதிபதிக்குக் கடிதமாக எழுதினார். நீதிபதி கிருஷ்ணய்யர் தலைமையிலான அமர்வு அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக ஏற்று 1979 டிசம்பரில் தீர்ப்பளித்தது. (1948இல் தாமே சிறையில் இருந்தவர் அவர், 1957 கேரள அமைச்சரவையில் சிறைத்துறையையும் கவனித்தவர். கடிதத்தின் அருமை அவருக்குத் தெரிந்ததில் வியப்பில்லை.) எழுதியவர் கொலைக் குற்றவாளி, ஆகவே நம்ப முடியாது என்று நீதிமன்றம் ஒதுக்கவில்லை. விசாரிக்க ஆள் அனுப்பி, உண்மையைக் கண்டறிந்தது. கருப்புவெள்ளை கேட்ட கேள்விக்கு என் விடை இதுதான்: அந்தக் கடிதம் மனுவாகவும் இருந்தது, சாட்சியாகவும் இருந்தது. யாரோ ஒருவர் அதைச் சரிபார்த்ததால்தான் அது சாட்சியானது.

தொடர் கொலைகளுக்காக மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் வழக்கையும் இங்கே சொல்ல வேண்டும். செங்கல்பட்டுக் கிளைச் சிறையில் இருந்தபோது அவர் எழுதியதாகச் சொல்லப்பட்ட தன்வரலாற்றை நக்கீரன் வெளியிட முனைந்தபோது, அதில் காவல் அதிகாரிகளின் தொடர்புகள் பேசப்பட்டிருந்ததால், வெளியிடக் கூடாது என்று 1994 ஜூனில் சிறைத்துறைத் தலைவர் கடிதம் எழுதினார். அவதூறு என்று கருதினால் வெளிவந்த பின் வழக்குத் தொடரலாமே தவிர, முன்கூட்டியே தடுக்கும் அதிகாரம் அரசுக்கோ அதிகாரிகளுக்கோ இல்லை என்று அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அவர் மீது எனக்கு எந்த இரக்கமும் இல்லை. இருந்தாலும், இந்தியாவில் தனியுரிமை பற்றியும் வெளியீட்டு உரிமை பற்றியும் யார் வாதாடினாலும் இன்றும் அந்தத் தீர்ப்பைத்தான் எடுத்து வைக்கிறோம்.

தொகுப்பாளன்

வழக்கறிஞர் ஐயா 'சரிபார்த்தல்' என்றார். என் தொழில் படத்தொகுப்பு என்பதால் அந்தச் சொல்லிலேயே நிற்கிறேன்.

2025இல் வெளிவந்த 'தி அலபாமா சொல்யூஷன்' படத்தைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். அதை இயக்கியவர்கள் ஆண்ட்ரூ ஜரெக்கியும் சார்லட் காஃப்மனும். ஆனால் படத்தின் உயிரான காட்சிகளை எடுத்தவர்கள் அலபாமா மாநிலச் சிறைகளில் இருப்பவர்கள், தடை செய்யப்பட்ட கைப்பேசிகளால். 2019இல் ஈஸ்டர்லிங் சிறையில் ஆண்டுதோறும் நடக்கும் சமயக் கூட்டத்தையும் விருந்தையும் படமெடுக்க அனுமதி கிடைத்துப் போனபோது, சிலர் கேமராவின் அருகே வந்து, உள்ளே நடப்பது இதுவல்ல என்று தாழ்ந்த குரலில் சொன்னார்கள். படக்குழு உட்பகுதியை நெருங்கியதும் படப்பிடிப்பு நிறுத்தப்பட்டது. அனுமதி பெற்ற படத்தின் எல்லை எது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சியை நான் பார்த்ததில்லை. விருந்தை எடுக்கலாம், விருந்துக்குப் பின்னால் இருக்கும் கதவை எடுக்கக் கூடாது.

அதன்பின் தொடர்பு முழுவதும் கைப்பேசி வழியாகத்தான். ராபர்ட் ஏர்ல் கவுன்சில், மெல்வின் ரே போன்றோர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே, 'ஃப்ரீ அலபாமா மூவ்மென்ட்' என்ற பெயரில் சிறைக்குள்ளிருந்தே அமைப்புக் கட்டி, பதிவுகளை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தவர்கள். ஆக, வெளியிலிருந்து யாரோ வந்து அவர்களுக்குக் குரல் கொடுத்தார்கள் என்பது தவறு. குரல் இருந்தது, கேட்க ஆள் குறைவாக இருந்தது.

தொழில்முறையில் சொன்னால் அந்தப் பதிவுகள் எல்லா விதியையும் மீறியவை. செங்குத்துச் சட்டகம், வெளிச்சம் போதாத அறை, கை நடுக்கம், பாதியில் அறுந்துபோகும் இணைப்பு. யாராவது வருகிறார்கள் என்றால் பேசிக்கொண்டிருப்பவரே படத்தை நிறுத்திவிடுவார். ஆனால் தரையில் படுத்திருப்பவர்கள், இரத்தக்கறை படிந்த தளம், போதையில் உறைந்து நிற்பவர்கள் என்று எல்லாமே எங்கே, எப்போது என்று விசாரித்து உறுதிசெய்யத்தக்க காட்சிகள். 2019 ஏப்ரலில் அமெரிக்க மத்திய அரசின் நீதித் துறை வெளியிட்ட அறிக்கையும் இதையே சொன்னது: அலபாமாவின் ஆண்கள் சிறைகளில் வன்முறையிலிருந்தும் பாலியல் தாக்குதலிலிருந்தும் கைதிகளைக் காக்க அரசு தவறியதால் கொடூரமான தண்டனையைத் தடுக்கும் அரசமைப்பின் எட்டாம் திருத்தம் மீறப்படுகிறது என்பது அதன் முடிவு. அறிக்கை எழுத்தில் சொன்னதைக் கைப்பேசி கண்ணுக்குக் காட்டுகிறது, கைப்பேசி காட்டுவது புனைவல்ல என்பதற்கு அறிக்கை துணை நிற்கிறது.

இன்னொன்று. 2019 அக்டோபரில் டொனால்ட்சன் சிறையில் ஒருவர் காவலர்களால் அடிக்கப்பட்டு இறந்தார். அவர் ஆயுதத்தைக் கீழே போட மறுத்தார் என்றது சிறைத்துறை. போட்டுவிட்ட பிறகும் அடித்தார்கள் என்றார்கள் கண்ணால் கண்ட சிறைவாசிகள். அந்தக் கைப்பேசிகள் இல்லையென்றால் அவருடைய தாய்க்குச் சிறைத்துறையின் அறிக்கை மட்டுமே மிஞ்சியிருக்கும். மறுபக்கம் அவர்களே, நீங்கள் சொன்ன 'படம் எடுக்க முடியாத இறந்தவர்' சிறைக்குள்ளும் உண்டு.

மறுபக்கம்

கடைசி வரி என்னைத் தொட்டது, மறைக்கவில்லை. ஆனால் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. ஒன்று, தடை செய்யப்பட்ட கைப்பேசியால்தான் மிரட்டிப் பணம் பறிப்பதும் சாட்சிகளை அச்சுறுத்துவதும் நடக்கின்றன. நல்ல காட்சி கிடைத்தது என்பதற்காக அதை நியாயப்படுத்த முடியுமா? இரண்டு, இவ்வளவுக்கும் பிறகு அங்கே என்னதான் மாறியது?

தொகுப்பாளன்

முதல் ஐயத்துக்கு மட்டும் விடை சொல்கிறேன். அந்தக் கைப்பேசிகளில் பெரும்பகுதியைப் பணத்துக்கு உள்ளே கொண்டுவந்து கொடுப்பவர்கள் சிறை ஊழியர்களே என்பது அங்கே பரவலாகப் பேசப்படும் செய்தி. ஊழியர்கள் வழியாகத் தடைப்பொருள் நுழைவதை நீதித் துறை அறிக்கையும் குறிப்பிட்டது. வேலியே பயிரை மேய்கிற இடத்தில், மேய்வதைப் படம் பிடித்தவனை மட்டும் பிடித்து ஏன் படம் எடுத்தாய் என்று கேட்கிறோம். மிரட்டலுக்குப் பயன்படுகிறது என்பது உண்மைதான். அதைக் குற்றமாகத் தண்டிக்கட்டும். ஆனால் எடுத்தவர் கொடுக்கும் விலையையும் பாருங்கள். கவுன்சில் 2021 ஜனவரியில் காவலர்களால் கொடூரமாகத் தாக்கப்பட்டு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஆண்டுக்கணக்கில் தனிமைச் சிறையிலும் இருந்திருக்கிறார். எங்கள் துறையில் ஒரு காட்சிக்காக இவ்வளவு கொடுத்தவர் எவரையும் நான் அறியேன்.

கருப்புவெள்ளை

இரண்டாவது ஐயத்துக்கு நான் விடை சொல்ல முயல்கிறேன். அந்த விடை எனக்கே மகிழ்ச்சி தரவில்லை.

அலபாமாவில் நீதித் துறை 2020 டிசம்பரில் மாநிலத்தின் மீது வழக்குத் தொடுத்தது. அது ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது. அலபாமாவின் சிக்கலுக்கு அலபாமாவே தீர்வு காணும் என்றார் ஆளுநர் கே ஐவி. படத்தின் தலைப்பு அதிலிருந்து எடுத்த எள்ளல். அந்தத் தீர்வு எது என்றால், 2021இல் 130 கோடி டாலர் திட்டமாக நிறைவேறிய புதிய பெருஞ்சிறைகள். அதில் 40 கோடி டாலர் கொரோனா நிவாரண நிதியிலிருந்து எடுக்கப்பட்டது. 2022 செப்டம்பர் 26 அன்று மாநிலம் முழுவதும் சிறைவாசிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சமையல், துப்புரவு என்று சிறையை நடத்தும் வேலையை அங்கே ஊதியமே இல்லாமல் செய்பவர்கள் அவர்கள்தான். கூலி உயர்வு அவர்களின் முதன்மைக் கோரிக்கை அல்ல. மீண்டும் மீண்டும் குற்றம் செய்தோருக்குத் தண்டனையைக் கூட்டும் சட்டத்தை நீக்க வேண்டும், பரோலுக்குத் தெளிவான வரையறை வேண்டும் என்றுதான் கேட்டார்கள். நிர்வாகம் உணவை நாளைக்கு இரண்டு வேளையாகக் குறைத்தது. மூன்று வாரங்களில் போராட்டம் ஓய்ந்தது. அடுத்த நிதியாண்டில் பரோல் கேட்டவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்குத்தான் கிடைத்தது. 2017இல் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கிடைத்து வந்தது.

அங்கோலா படத்திலும் இதே கதைதான். நூறு ஆண்டுத் தண்டனை பெற்ற ஒருவர், தன் வழக்கில் அன்று காட்டப்படாத ஆவணங்களைத் திரட்டி எடுத்துக்கொண்டு பரோல் வாரியத்தின் முன் நிற்கிறார். அவர் அறையை விட்டு வெளியேறியதும் உறுப்பினர்கள் அந்தத் தாள்களைப் பொருட்படுத்தாமல் சில நொடிகளில் மறுத்துவிடுகிறார்கள். கேமரா அங்கேயே இருக்கிறது. அது இருப்பது தெரிந்தும் அவர்கள் கூசவில்லை. உலகமே பார்த்த காட்சி அது. அவர் வெளியே வந்தது 2022 பிப்ரவரியில், ஏறத்தாழ 44 ஆண்டுகளுக்குப் பிறகு. படம் வெளிவந்து 24 ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன. ரிடோவும் 2005 ஜனவரியில்தான் வந்தார். படமோ பரிசோ அவரை விடுவிக்கவில்லை. முந்தைய விசாரணைகளின் ஜூரிகள் எல்லாரும் வெள்ளையர், எல்லாரும் ஆண்கள். நான்காவது முறை நடந்த விசாரணையில் கொலைக்குப் பதிலாக மரணம் விளைவித்த குறைந்த குற்றத்தில் தீர்ப்பு வந்ததால், அதற்குரிய தண்டனைக்காலம் எப்போதோ முடிந்துவிட்டிருந்தது.

ஆகவே, 'படம் காட்டினால் சட்டம் மாறும்' என்று எங்கள் அழைப்பிதழில் எழுத மாட்டேன். ஆனால் அந்தப் பரோல் அறைக் காட்சி இன்றும் இருக்கிறது. அப்படி நடக்கவே நடக்காது என்று இனி எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. எனக்கு அது போதுமா என்றால், போதாது. இல்லாவிட்டால் பரவாயில்லையா என்றால், அதுவும் இல்லை.

ஓக்லண்ட் பொன்னி

ஒன்று மட்டும் விடுபட்டிருக்கிறது, படமாக்கப்படுபவரின் இசைவு. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் குற்ற வழக்குகளில் சிக்கிய மனநோயாளிகளை அடைத்து வைத்த பிரிட்ஜ்வாட்டர் மருத்துவமனையைப் பற்றி ஃபிரெடரிக் வைஸ்மன் 1967இல் எடுத்த படத்தை, நோயாளிகளின் மானம் கெடுகிறது என்று சொல்லி நீதிமன்றம் பொதுத் திரையிடலுக்குத் தடுத்தது. தடை நீங்க 1991 ஆனது. மானத்தைக் காப்பதாகச் சொன்னவர்கள் அதே மானத்தை அன்றாடம் உரித்தவர்கள் என்பது படத்தைப் பார்த்தால் தெரியும். ஆனாலும் அந்த மனிதர்கள் நிர்வாணமாகத் திரையில் தெரிய அவர்களால் உண்மையில் இசைவு தந்திருக்க முடியுமா என்ற கேள்வி எனக்கு இன்றும் உறுத்துகிறது. சிறைவாசியே கேமராவைப் பிடிக்கும்போது இந்தக் கேள்வி பாதி தீர்கிறது. அவர் பக்கத்துக் கட்டிலில் மயங்கிக் கிடப்பவரைப் படமெடுக்கும்போது மீதிப் பாதி அப்படியே நிற்கிறது. திரையிடலுக்குப் பின் நடக்கும் உரையாடலில் இதைக் கட்டாயம் எழுப்புங்கள்.

வழக்கறிஞர்_நெல்லை

திரையிடலுக்கு நானும் வருகிறேன். ஒரு யோசனை. படத்தைப் போடும் முன், 1963ஆம் ஆண்டுத் தீர்ப்பின் சில பத்திகளைத் தமிழில் சொல்லிவிடலாம். ஐந்து நிமிடம்கூட ஆகாது. பார்க்க வந்தவர்கள் படத்தை எப்படிப் பார்ப்பது என்று தாங்களே யோசித்துக்கொள்வார்கள். படம் முடிந்ததும் 2015 வழிகாட்டுதலின் நகலை எல்லாரிடமும் கொடுக்கிறேன். தமிழ்நாட்டில் ஒருவர் இப்படி ஒரு படம் எடுக்க வேண்டுமானால் யாரிடம் எத்தனை தாள்கள் கொடுக்க வேண்டும் என்று அவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

மறுபக்கம்

தீர்ப்பைச் சொல்லுங்கள், தடையில்லை. ஆனால் அதற்கும் முன்னால், 1961இல் கொல்லப்பட்ட அந்த வங்கி ஊழியரின் பெயரை யாராவது எழுந்து நின்று வாசிக்க வேண்டும். அது நடக்கும் என்றால் நானும் வருகிறேன்.

கருப்புவெள்ளை

நடக்கும். நீங்களே வாசியுங்கள். முதல் படம் அங்கோலா, இரண்டாவது மாதம் அலபாமா. தேதி முடிவானதும் இதே இழையில் தெரிவிக்கிறேன்.